அளவு நோட்டில் என் பெயர்

எலவனாசூர்கோட்டையில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் பல பேருடைய உடம்பின் கதை என் அளவு நோட்டில் அங்குலக் கணக்கில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் எடுத்த அளவு, முதல் பிள்ளைக்கு அப்புறம் எடுத்த அளவு, பேரன் பிறந்த வருடம் எடுத்த அளவு. அந்த நோட்டில் இல்லாத ஒரு பெயர் என்னுடையது. என்னிடம் பழைய அளவு ரவிக்கை ஒன்று உண்டு. அதை வைத்தே எனக்குத் தைத்துக்கொள்வேன். உடம்பைப் பிடித்தால் உள்ளே ஒரு தையலைப் பிரித்துவிடுவேன். அப்படி மூன்று தையல் பிரித்தாயிற்று, இனிப் பிரிக்க உள்ளே துணி இல்லை என்ற இடத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

இன்றைக்கு அந்த மூன்றில் இரண்டு தையலைத் திரும்பப் போட்டிருக்கிறேன்! கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் ஆசை தீரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் ஆடி மாதம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் பெண் என் கடைப் படியேறினார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், மறுநாள் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். அங்கே 118 காட்டியது. நூறுக்குள் இருக்க வேண்டும், 126 வந்தால் சர்க்கரை நோய், நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் செவிலியர். அப்புறம் அவர் கையில் எடுத்தது என் தொழில் கருவியை: இன்ச் டேப். தொப்புளுக்குச் சற்று மேலே சுற்றிப் பார்த்து 37 என்றார். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். கணக்குப் போட்டேன், முப்பத்தொன்றரை அங்குலம். அன்று சாயங்காலம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, என் பெயரை எழுதி, எதிரே 37 என்று போட்டேன்.

அதற்கு முன்பும் மூன்று தடவை நடையைத் தொடங்கியிருக்கிறேன். மூன்று தடவையும் பத்து நாளோ இருபது நாளோதான். தீபாவளித் துணி குவியும், விடிய விடிய மெஷின் ஓடும், நடை நின்றுபோகும். நமக்கு மனஉறுதி போதாது என்று முடிவு கட்டிக்கொள்வேன். இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடமே இதுதான்: மனஉறுதியை நெஞ்சுக்குள் தேடித் தேடி நான் களைத்துப்போனேன், அதை வெளியே ஏற்பாடு செய்துகொண்ட அன்று எல்லாம் நடந்தது.

முதல் ஏற்பாடு எதிர்வீட்டு அக்கா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், 63 வயது. அவரிடம் 118 கதையைச் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குப் பாங்கு சொன்னதும் உன் வாசல்ல நிப்பேன், கெளம்பி இரு" என்றார், அவ்வளவுதான். சொன்னபடி பள்ளிவாசல் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில் கேட்டைத் தட்டும் சத்தம். எனக்காக எழுந்திருக்க என் உடம்பு வணங்கவில்லை. ஆனால் 63 வயதுப் பெண்மணி இருட்டில் வாசலில் நிற்கும்போது எப்படிப் படுத்திருப்பது? எழுந்தேன். மறுநாளும் எழுந்தேன். ஆர்வம் வந்தபின் நடக்கலாம் என்று பல வருடம் காத்திருந்தவளுக்கு, நடந்தபின்தான் ஆர்வம் வரும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் இதைப் படித்துச் சொன்னாள்: சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, தென்னிந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த, என்னைப் போல வாசற்படியில் நின்ற 537 ஆண்களை இரண்டு பிரிவாக்கி ஆய்வு செய்தது. இரு பிரிவுக்கும் முதலில் ஒரே அறிவுரை. ஒரு பிரிவுக்கு மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிச் செல்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது; செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். 2013இல் வெளியான முடிவு. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு குறுஞ்செய்திக்கே இவ்வளவு பலம் என்றால், எங்கள் அக்கா கேட்டைத் தட்டுவதற்கு எவ்வளவு பலம்!

நடையின் சுகத்தை எந்த வார்த்தையில் சொல்வேன்! சேலம் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்; நாங்கள் அதை விட்டு ஒதுங்கி ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிடுவோம். கரும்பு வயலிலிருந்து ஈரக் காற்று வரும். கொக்குகள் தண்ணீரில் இறங்கும் நேரம். போகும்போது அக்கா பேசுவார், திரும்பும்போது நான் பேசுவேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் சரியான வேகம் என்று செவிலியர் சொல்லியிருந்தார். முதல் வாரம் பதினைந்து நிமிடம். மூன்றாம் மாதம் நாற்பது நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை நாங்கள் வியாழக்கிழமைக்குள் தாண்டிவிடுகிறோம். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியதே, அந்த 8 கிலோமீட்டரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்கரையிலேயே நடந்து பார்த்துவிட்டோம்.

பகலில் என் வேலை உட்கார்ந்தே செய்வது. இதற்கும் ஒரு வழி கிடைத்தது. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே ஊர். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இதைக் கேட்டதிலிருந்து உளுந்தூர்பேட்டை பேருந்தில் ஏறினால் நடத்துநரை மரியாதையோடு பார்க்கிறேன்! கடையிலும் நடத்துநராகிவிட்டேன். நூல்கண்டுப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். பாபின் தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருக்கோடி வரை பத்து நிமிடம். அந்த நேரத்தில் அசையும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் வரும் கிறக்கமும் போய்விட்டது.

சாப்பாடு மாறியது கூழில் தொடங்கி. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றிய கூழை வாங்கிக் குடித்தேன். சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அம்மா காலத்து ருசி நாக்கில் ஏறியது. இதை ஏன் வருடத்தில் ஒரு நாள் மட்டும் குடிக்கிறோம்? அன்று இரவே கேவுரு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தேன். இதுதான் இரண்டாவது ஏற்பாடு: காலையில் என்ன சாப்பிடுவது என்பதைக் காலையில் முடிவு செய்யக் கூடாது. பசியோடு எடுக்கும் முடிவு பரோட்டாவில்தான் போய் நிற்கும். இரவே பானையில் கூழ் இருந்தால் முடிவு முடிந்த கதை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்ணின் எலும்புக்கு இதைவிட மலிவான மருந்து உண்டா?

மதியத்துக்குக் கல்வராயன் மலைச் சாமை. ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், பொலபொலவென்று வரும். கருவாட்டுக் குழம்புக்கு அதைப்போல எடுப்பான சோறு வேறில்லை! ஒன்றை மட்டும் அக்கா கண்டிப்பாகச் சொல்வார்: சாமையானாலும் தட்டு நிறையக் கொட்டினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதனால் பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்பு, மீன், முட்டை ஏதாவது ஒன்று. மீதிக் கால் தட்டுதான் சோறு. சாயங்காலம் போண்டாவுக்குப் பதில் அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. அப்புறம் டீ. வாடிக்கையாளர் யார் வந்தாலும் டீ சொல்வேன், ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ். கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்றாலே பன்னிரண்டு கரண்டி, கிட்டத்தட்ட ஐம்பது கிராம் சர்க்கரை! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தேன். இப்போது இரண்டே கிளாஸ், சர்க்கரை இல்லாமல். தேயிலையின் மணம் எனக்கு 44 வயதில்தான் தெரிந்தது.

மூன்றாவது ஏற்பாடு அந்த நோட்டு. எடை பார்க்கும் மெஷினை நான் நம்பவில்லை. உப்பு கூடினால் ஒரு கிலோ ஏறும், வேர்த்தால் இறங்கும், மனசைக் குழப்பும். டேப் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை காலை, சாப்பிடும் முன், அதே இடத்தில் சுற்றி எழுதுவேன். 37, 37, 36¾, 36¾, 36½. முதல் கால் அங்குலம் குறைந்த வெள்ளிக்கிழமை, டேப்பைக் கையில் பிடித்தபடியே அக்கா வீட்டுக்கு ஓடினேன்!

பிறகு வந்தது தீபாவளி. முன்பெல்லாம் நான் விழுந்த இடம். கடையில் துணி மலைபோல் ஏறியது. இந்தத் தடவை அக்காவும் நானும் பேசி ஒரு விதி வைத்தோம்: குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. நாற்பது நிமிடம் பத்து நிமிடம் ஆனது, ஆனால் பத்து நிமிடம் நடந்தோம். ஐப்பசி மழையில் சாலையே தெரியாத காலையில் சிவன் கோயிலுக்குள், சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கும் கருங்கல் சுவரை ஒட்டி, கூரை இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தோம். இரண்டு நாள் சுத்தமாகத் தவறிப்போனது. அழுகையே வந்தது. அப்போது மகள் சொன்ன இன்னொரு ஆய்வுதான் கை கொடுத்தது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைக் கவனித்து 2010இல் எழுதியது: ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. முன்பு மூன்று தடவையும் நான் தோற்றது, தவறிய நாளால் இல்லை. அந்த நாளோடு எல்லாம் போயிற்று என்று நம்பியதால். மூன்றாம் நாள் பாங்கு கேட்டதும் எழுந்து நடந்தேன்.

தை மாதம் குடும்பத்தோடு கச்சிராயப்பாளையம் வழியாக மேகம் அருவிக்குப் போனோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் போனபோது, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி நான் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை கல்லும் வேருமான பாதையில் மகளுக்கு முன்னால் நடந்தேன். அருவி கண்ணில் பட்டபோது மூச்சு வாங்கவில்லை. தொண்டை மட்டும் அடைத்தது. அந்தச் சாரலில் நனைந்த முகத்தைத் துடைக்கவே மனசில்லை.

இந்த ஆடியில் திரும்பச் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 98. இடுப்பு முப்பத்து மூன்றரை. முப்பத்தொன்றரைக்கு இன்னும் இரண்டு அங்குலம் இருக்கிறது. அந்த மூன்றாவது தையலும் காத்திருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டை மாற்றுங்கள். மற்றவர்கள் நாளைக்கே இறங்கலாம்!

ஆவணியில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் ஊரைவிட்டுப் போனார். முதல் நாள் பாங்கு கேட்டது. கேட்டைத் தட்ட ஆள் இல்லை. இருட்டில் கொஞ்ச நேரம் கண் விழித்துப் படுத்திருந்தேன். முந்தின நாள்தான் பின்தெருப் பெண் ஒருத்தி ரவிக்கையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே பிரிக்கக் கடைசித் தையல்தான் மிச்சம். எழுந்தேன், செருப்பைப் போட்டேன், அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டைத் தட்டினேன். "யாரு இந்நேரத்துல?" என்று தூக்கக் கலக்கத்தோடு குரல் வந்தது.

"நான்தாம்மா, தையக்கடை அக்கா. வாசல்ல நிக்கறேன், கெளம்பி வா."

இன்று காலை அவளோடு நடக்க ஆரம்பித்து நாற்பத்தோராவது நாள். என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதியிருக்கிறேன். நோட்டில் இன்னும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.