போடி மலையில் வெடி அதிர்வு: எது நிற்கும் வாதம்?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கூடாது என்றவர்கள் சொன்னவற்றுள் ஊர் ஊராகப் பரவியது வெடி அதிர்வுப் பேச்சுதான். அம்பரப்பர் மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டால் இடுக்கி, முல்லைப் பெரியாறு அணைகள் ஆட்டம் கண்டுவிடும் என்றார்கள். இதை முதலில் எடைபோட வேண்டும்.

மலை சார்னோக்கைட் பாறை. ஊடகம் இறுக இறுக ஒலிக்கு வேகம் கூடும்: காற்றில் நொடிக்கு 340 மீட்டர், இத்தகைய பாறையில் சுமார் 6 கிலோமீட்டர். ஆனால் அலை சீக்கிரம் வந்து சேர்வதால் சுவர் விரிசல் விடாது. அலை வந்த இடத்தில் மண் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதுதான் கணக்கு. சாதாரண வீடுகளுக்கு, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வில், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வைத்திருக்கும் வரம்பு நொடிக்கு 5 மில்லிமீட்டர். பாறையில் போட்ட துளைகள் ஒன்றாக வெடிப்பதும் இல்லை. டிலே டெட்டனேட்டர் வைத்து மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்க வைப்பார்கள். மொத்தம் எத்தனை டன் வெடிமருந்து என்று கேட்பதைவிட ஒரு டிலேக்கு எத்தனை கிலோ என்று கேட்பதே சரி. அதிர்வும் தூரத்தோடு வேகமாகத் தேய்ந்துவிடும். இடுக்கி அணை 30 கிலோமீட்டருக்கு அப்பால். அணை வாதம் நிற்காது. அடிவார வீடுகளின் கேள்வி வேறு. அங்கே கருவி வைத்து அளந்து காட்டும் கடமை திட்டக்காரர்களுடையது.

எதிர்ப்பின் உண்மையான பலம் காட்டில் இருக்கிறது. நீலகிரி சிங்காராவில் இதே திட்டம் 2009-இல் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் இருந்ததால் கைவிடப்பட்டது. அதன்பின் தேர்ந்தெடுத்த இடத்துக்கோ மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள்! 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு தனி நேர்வாக மீண்டும் கொடுத்தது. பெரியாறு, மதிகெட்டான் காடுகளை இணைக்கும் புலி வழித்தடம் இது என்று சொல்லி, 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. இதற்குத் திட்டத் தரப்பிடமிருந்து நேரான பதில் வரவில்லை என்பதே என் கருத்து.

அறிவியலில் குறை காண முடியாது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த நாடு இது. இந்த ஆய்வகத்தின் கருவிக்குத் திட்டமிட்ட 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்துக் காட்டும். 2025-இல் இயங்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ நியூட்ரினோ கருவிக்கு அந்த வேலை இல்லை.

ஆய்வகம் நமக்கு வேண்டும். இந்த மலையில் வேண்டாம்.