காதல் நாவலும் வீட்டு வாடகையும்

காதல் நாவல் என்றதும் முகஞ் சுளிப்பது நம்மிடையே ஒரு பழக்கமாகப் படிந்துவிட்டது. தொழிலாளர் போராட்டத்தைச் சித்திரிக்கும் நூலென்றால் அதனைக் கையிலேந்தி ஆசிரியர் அறைக்குள் நிமிர்ந்து நடப்போம். இருவர் காதலித்துப் பிரிந்து மீண்டும் கூடுங் கதையென்றால் வீட்டிலே கதவைச் சாத்திக்கொண்டு படிப்போம். கண் கலங்கினாலும் எவரிடமும் சொல்லமாட்டோம். இலக்கியத்தின் சமுதாயப் பணியை வலியுறுத்துவோர், இரசனை முழுவதையும் எதிரணியினரின் உடைமையாக விட்டுக்கொடுப்பது விந்தையான செயலே. அயர்லாந்து எழுத்தாளர் சாலி றூனி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நோர்மல் பீப்பிள்' என்னும் நாவலை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

1991இல் பிறந்த றூனி, தம்மை மார்க்சியவாதி என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்பவர். இது அவருடைய இரண்டாவது நாவல். 2020இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபின் உலகெங்கும் இளைஞர் இதனைத் தேடிப் படித்தனர். விற்பனை பெருகியதாலேயே நூலை ஐயுறும் விமரிசகர்களும் உளர். அவர்களோடு வாதாட இங்கே இடமில்லை.

கதை பெரிதன்று. ஸ்லைகோப் பகுதியிலே கரிக்லீ என்னும் கற்பனைச் சிற்றூர். மரியான் செல்வக் குடும்பத்துப் பெண், தாய் சட்டத்தரணி. கொனலின் தாய் லொறெயின் அம்மாளிகையைத் துப்புரவு செய்து கூலி பெறுபவள். பதினேழு வயதிலே மகனைப் பெற்றுத் தனித்து நின்று வளர்த்தவள். தாயை அழைத்துச் செல்ல வரும் மகனுக்கும் வீட்டுப் பெண்ணுக்குமிடையே உறவு முகிழ்க்கிறது. பாடசாலையிலோ நிலைமை தலைகீழ். அங்கே கொனலை எல்லோரும் விரும்புகின்றனர். மரியானை எவரும் அணுகுவதில்லை. நண்பர் நகைப்பரே என்றஞ்சி அவன் உறவை மறைக்கிறான். இறுதியாண்டு நடன விருந்துக்கு வேறொருத்தியை அழைக்கிறான். இதையறிந்த லொறெயின் காரை நிறுத்தச் செய்து, மகனை எண்ணி வெட்கப்படுவதாகச் சொல்லி இறங்கிப் பஸ்ஸிலே வீடு செல்கிறாள். தன்னை வேலைக்கமர்த்தியவளின் மகளுக்காகப் பெற்ற மகனைக் கண்டிக்கும் அந்தத் தாயின் நேர்மை நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

நாவல் 2011 ஜனவரியிலிருந்து 2015 பெப்ரவரி வரையுள்ள காலத்திலே நிகழ்கிறது. இக்கால எல்லையை வாசகர் கவனித்தல் வேண்டும். 2008இல் அயர்லாந்தின் வங்கிகளும் வீடு கட்டும் வியாபாரமும் சரிந்தன. 2010 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கையேந்தி, 8,500 கோடி யூரோப் பெறுமதியான மீட்புத் திட்டமொன்றை ஏற்றது. ஊருக்கு வெளியே விற்பனையாகாத புது வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அத்தகைய வெற்று வீடொன்றுக்குள் காதலர் இருவரும் நிற்கும் காட்சி நாவலில் வருகிறது. விற்க முடியாத வீடுகளை இல்லாதவர்க்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று கொனல் வினவுகிறான். அதற்குக் காரணம் முதலாளித்துவமே என்று மரியான் தோளைக் குலுக்கியபடி சொல்கிறாள். அந்தப் பேச்சு அவ்வளவோடு முடிகிறது, பிரசங்கம் எதுவுமில்லை.

பின்னர் இருவரும் டப்ளின் டிரினிற்றிக் கல்லூரிக்குச் செல்கின்றனர். அங்கே மரியான் மதிப்புப் பெறுகிறாள்; கொனல் நாட்டுப்புறத்தானாகிறான். மீண்டும் காதல் தளிர்க்கிறது. 2012ஆம் ஆண்டுக் கோடையிலே அவனால் அறை வாடகை கொடுக்க இயலவில்லை. மரியான் இருப்பது பாட்டியாருக்குச் சொந்தமான வீடு. அவளுக்கு வாடகை என்பதே இல்லை. பெரும்பாலான இரவுகளை அவனும் அங்கேயே கழிப்பவன். 'கோடை முடியும்வரை உன்னோடு தங்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவன் வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போவதாக மட்டும் சொல்கிறான். அவள் தன்னை விட்டுப் போகிறான் என்று விளங்கிக்கொள்கிறாள். இருவரும் பிரிகின்றனர்.

மலிவான காதற் கதைகளில் ஒரு கடிதம் தவறும். ஒரு வில்லன் பொய் சொல்வான். இங்கே காதலரைப் பிரிப்பது வாடகைப் பணம். கடன் கேட்பவனின் நாக்கை மடக்கும் அந்த வெட்கம் தனிமனிதக் குணக்கேடன்று. துப்புரவுத் தொழிலாளியின் மகனாக அவ்வீட்டு வாசலிற் காத்து நின்ற நாள்களிலேயே அது உருவாகியிருக்கிறது. வாடகையைப் பற்றி நினைத்தே பார்க்க வேண்டியிராத அவளுக்கோ அவனுடைய மௌனத்தின் பொருள் எட்டவில்லை. இப்பகுதியைப் படிக்கையில் நம் நெஞ்சு பதைக்கிறது. 'கேட்டுவிடேன், தம்பி' என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பதைப்பின் வழியாகவே வர்க்கம் என்ற சொல்லுக்கு உடலும் உயிரும் கிடைக்கின்றன. உரையாடலுக்கு மேற்கோட் குறியிடாது எழுதும் றூனியின் நடையும் இதற்குத் துணைபுரிகிறது: சொன்னதும் சொல்லாததும் ஒரே வரியிலே அருகருகே கிடக்கின்றன.

அடுத்து இருவரும் புலமைப்பரிசில் பெறுகின்றனர். அவளுக்கு அது பெருமை. அவனுக்கோ இலவச அறை, இலவச இராச்சாப்பாடு. அந்தப் பணத்தால் அவன் ஐரோப்பிய நகரங்களையும் ஓவியங்களையும் முதன்முறையாகக் காண்கிறான். பணமிருந்தாலன்றி உலகம் மெய்யாவதில்லை என்ற அவன் வியப்பிலே கசப்பும் கலந்திருக்கிறது.

இரசனை பற்றிய நம் வினாவுக்கு நாவலுள்ளேயே ஒரு சான்று கிடைக்கிறது. ஜேன் ஒஸ்ரினின் 'எமா'வை நூலகத்திற் படிக்கும் கொனல், நூலகம் மூடும் வேளையில் மனங்கலங்கி எழுகிறான். கற்பனை மாந்தர் யார் யாரை மணப்பர் என்பதற்காகத் தான் தவிப்பது அவனுக்கே நகைப்பாயிருக்கிறது. ஆயினும் அத்தவிப்பு உண்மையானது. பின்னொருகால் எழுத்தாளர் கூட்டமொன்றுக்குச் சென்று, படித்த வகுப்பார் தம் மேன்மையைக் காட்டும் அணிகலனாகவே நூல்கள் விற்கப்படுகின்றன என்று அவன் வெறுப்படைகிறான். இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் நிகழ்வதைக் காட்டியமை ஆசிரியரின் துணிவு என்போம்.

குறைகளும் உள. அத்தியாயங்கள் கொனல், மரியான் ஆகிய இருவரின் நோக்கிலேயே செல்கின்றன. லொறெயினின் கண்ணால் ஓர் அத்தியாயமேனும் இல்லை. அவள் ஏறிய பஸ்ஸிலே அவளோடு சென்று பார்க்க ஆசிரியர் முன்வரவில்லை. மரியானைத் தமையன் துன்புறுத்துவதும், அவள் தன்னையே இழிவாக எண்ணுவதும் உருக்கமாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் பணமும் கௌரவமும் மிக்க அக்குடும்பத்திலே அக்கொடுமை வேரூன்றியது எவ்வாறு என்பது மங்கலாகவே நிற்கிறது. கொனலின் இடர் தீர்வதும் அவனுடைய தனித் திறமையாலேயே. பரீட்சையிலே தேறாத கொனல்கள் என்ன ஆயினர்?

முடிவிலே அவனுக்கு நியூயோர்க்கில் எழுத்துக் கலை பயில இடங்கிடைக்கிறது; போகும்படி மரியானே சொல்கிறாள். மணமுமில்லை, மரணமுமில்லை. அந்தக் கடைசிப் பக்கங்களை நாம் இருமுறை படித்தோம்.