டைவ் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு யாருடையது? சப்சர்ஃபேஸ் பற்றி ஒரு விமர்சனம்

தேனி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனாலும் ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங் முடித்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறவருக்கு ஒரு கணக்கு முக்கியம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழியாகலாம். விமானப் பயணத்துக்குச் சொல்லப்படும் பொதுவான அளவு, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம். மலைப்பாதைக்கும் அதே கவனம் வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி ஏறினாலே சுமார் 900 மீட்டர் ஆகிவிடுகிறது இல்லையா? நாளைக்கு மூட்டுவலி என்று மருத்துவரிடம் போனால், அவர் கேட்பதும் ஆழம், நேரம், மேலே வந்த வேகம்தான்.

இதெல்லாம் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். நினைவகம் நிறைந்தால் பழைய டைவ் அழிந்து புதியது ஏறும். ஆகவே வெளியே எடுத்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு பாஷை.

அந்தப் பாஷைகளைக் கற்றுவைத்திருப்பது ஜெஃப் டிரீசனின் லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற நிரலகம். அதன் மேல் லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் கட்டத் தொடங்கியது சப்சர்ஃபேஸ். பிறகு டிர்க் ஹோண்டெல் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். சூண்டோ ஈயான் ஸ்டீலுக்கான பகுதியை டோர்வால்ட்ஸே எழுதினார். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். சேமிக்கும் கோப்பு சாதாரண எக்ஸ்எம்எல். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். கட்டற்ற மென்பொருளின் பலன் இங்கே கண்கூடு. பத்து வருஷம் கழித்து இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் உங்கள் பதிவு இருக்கும்.

சரி, குறை என்ன?

முதலாவது, ஆதரவுப் பட்டியல் நீளமாக இருப்பதே ஒரு மயக்கம். ஊவாடெக் கலிலியோ போன்ற பழைய கருவிகள் இன்ஃப்ராரெட் வழியாகப் பேசுபவை. பராமரிக்க ஆள் இல்லை என்று 2018-ல் வந்த லினக்ஸ் 4.17 அந்த ஐஆர்டிஏ பகுதியையே எடுத்துவிட்டது. சப்சர்ஃபேஸைத் தொடங்கியவரின் கெர்னல்தான் அது! நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

இரண்டாவது, புளூடூத் வந்து கேபிள் தொல்லை குறைந்ததே தவிர பாஷைத் தொல்லை தீரவில்லை. இதயத் துடிப்பு அளக்கும் பட்டைக்கு புளூடூத்தில் பொது வரையறை உண்டு. டைவ் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இல்லை. தயாரிப்பாளர் ஆவணம் தராத கருவிக்கு டிரீசன் வகையறாவின் சி நிரல்தான் ஆவணம். படிக்கத் தெரிந்தவர்களோ கொஞ்சம் பேர்.

இது அவர்கள் குற்றமில்லை. பூட்டியவர் ஒருவர், சாவி செய்கிறவர் இன்னொருவர். ஆனால் சாவி கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் வாங்குகிற நாம் தயாரிப்பாளரிடம் ஒன்றும் கேட்பதில்லை. மென்பொருளின் வெற்றியே கேள்வியை அமுக்கிவிடுகிறது என்பதுதான் என் முக்கியமான விமர்சனம்.

ஆகவே வாங்கும் முன், "இதன் தரவு வடிவம் வெளியிடப்பட்டிருக்கிறதா?" என்று கடையில் கேளுங்கள். வாங்கியாயிற்று என்றால், சப்சர்ஃபேஸின் பதிவிறக்கச் சாளரத்தில் லிப்டைவ்கம்ப்யூட்டர் டம்ப் கோப்பைச் சேமிக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்து அந்தக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கு அர்த்தம் புரியாத பைட்டை நாளைக்கு யாராவது படித்துச் சொல்ல முடியும். எடுக்காமல் விட்டால் அழிந்துபோகும்.