ரெஸ்பெக்டட் சாரும் வெறும் சாரும்

மறைமலை நகரில் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும், கணினியில் கடிதங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கும். லீவ் லெட்டர், ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று கேட்கும் லெட்டர், பேங்க் மேனேஜருக்கு ஒன்று, பி.எஃப். ஆபீசுக்கு ஒன்று. பெயரையும் தேதியையும் மாற்றி பிரின்ட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொழிற்பேட்டை ஊர் என்பதால் இந்தச் சரக்குக்கு என்றும் கிராக்கி உண்டு. ஃபோர்டு ஆலை 2022-ல் இங்கே உற்பத்தியை நிறுத்திய பிறகு, புதிதாக வேலை தேடி விண்ணப்பம் எழுத வேண்டிவந்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கடிதம் யாருக்குப் போனாலும் தொடக்கம் ஒன்றுதான்: ‘ரெஸ்பெக்டட் சார்’. அடுத்து, ‘ஐ ஹம்ப்ளி சப்மிட் த ஃபாலோயிங் ஃபியூ லைன்ஸ் ஃபார் யுவர் கைண்ட் கன்சிடரேஷன்’. கேட்க வந்த விஷயம் மூன்றாவது பத்தியில்தான் தலைகாட்டும்.

இந்த ஆங்கிலத்தை யாரும் வெள்ளைக்காரனிடம் நேராகக் கற்கவில்லை. முதல் பாடம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் படித்தவர் எவரும் தூக்கத்திலும் சொல்வார். வந்தது வயிற்றுவலியாகவே இருந்தாலும் எழுதுவது காய்ச்சல் என்றுதான். இடப்பக்க மேல்மூலையில் ஃப்ரம், அதன் கீழே டு, பிறகு சப்ஜெக்ட், ரெஃபரன்ஸ், கடைசியில் இடமும் தேதியும். பரீட்சை என்றால் இதோடு விடமாட்டார்கள், உறையின் மேல் எழுதும் முகவரிக்குத் தனியாகப் பெட்டி போட்டுக் காட்ட வேண்டும். இரண்டாம் பாடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அரசுத் தேர்வின் முதல் தாள் வேகத்துக்கு: ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. இரண்டாம் தாளில் ஸ்டேட்மென்டும் லெட்டரும் வரும். மார்ஜின் எங்கே, ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே விரலுக்குப் பழகியவை. உள்ளடக்கத்தைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் அதே காலனி ஆட்சியின் இன்னொரு பிள்ளை வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. இலங்கையில் அனுப்புபவர் முகவரி வலப்பக்கம் மேலே, கீழே தேதி, பெறுபவர் முகவரி இடப்பக்கம். பழைய இங்கிலாந்து ஒழுங்கு அப்படியே இருக்கிறது. விளிப்பு பெரும்பாலும் வெறும் ‘சார்’, அல்லது ‘டியர் சார்’. சப்ஜெக்ட் என்ற சொல் வராது. விளிப்புக்குக் கீழே விஷயத்தைத் தலைப்பாக எழுதி அடிக்கோடு போடுவார்கள். அரசுக் கடிதத்தாளில் ‘எனது இல.’, ‘உமது இல.’ என்று மூன்று மொழியிலும் அச்சிட்ட இரண்டு கட்டங்கள் உண்டு. நம் ஊர் ஆள் ‘உமது’ என்பதைப் பார்த்தால் அதிகாரி நம்மை மட்டம் தட்டுகிறார் என்று நினைப்பார். அங்கே அது சாதாரணம்.

வேலை விண்ணப்பத்திலும் வித்தியாசம் தெரியும். முழுப் பெயர் ஒரு வரி, முதலெழுத்துகளோடு சுருங்கிய பெயர் ஒரு வரி என்று இரண்டையும் தனித்தனியே கேட்பார்கள். முடிவில் ‘நான்-ரிலேட்டட் ரெஃபரீஸ்’, அதாவது உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர், நம்மைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர்கள். நம் பக்கத்தில் அந்த இடத்தை அப்பா பெயரும், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று நாமே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழியும் நிரப்பிவிடுகின்றன. இலங்கை விண்ணப்பத்திலும் உறுதிமொழி இருக்கிறது. ஆனால் வெளியாட்களின் வாயையும் அது நாடுகிறது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? என் கணிப்பு இது: மறைமலை நகரில் ஆங்கிலக் கடிதம் எழுதுபவரும் தமிழர், வாசிக்கும் ஹெச்.ஆர். மேனேஜரும் பெரும்பாலும் தமிழர். நேரில் பார்த்தால் இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். ஆகவே கடிதத்தில் ஆங்கிலம் இருப்பது புரியவைப்பதற்காக அல்ல, விஷயம் சம்பிரதாயமானது என்று காட்டுவதற்காக. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘தாருங்கள்’ என்றாலே போதும். ஆங்கிலத்தில் முதலாளிக்கும் பியூனுக்கும் ஒரே ‘யூ’. வினையில் வைக்க முடியாத மரியாதையை வேறெங்காவது வைத்தாக வேண்டும் என்ற தவிப்பில் ‘ரெஸ்பெக்டட்’, ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்ளி’ எல்லாம் வரிக்கு வரி வந்து உட்காருகின்றன. ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ என்பதை நம் கண்டுபிடிப்பு என்று கேலி செய்வார்கள். அது இங்கிலாந்தில் ஒருகாலத்தில் புழங்கியதுதான். அவர்கள் கைவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம்.

இலங்கைத் தமிழருக்கும் தமிழின் மரியாதைப் படிகள் உண்டு. நம்மைவிட ஒரு படி கூடுதல் என்றே சொல்லலாம். ஆனால் அவருடைய ஆங்கிலக் கடிதம் பல வேளைகளில் சிங்களம் பேசும் அதிகாரியின் மேசைக்குப் போகிறது. 1956-ல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 1987-ன் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த முப்பது ஆண்டு இடைவெளியில் என்னென்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. அப்படிப்பட்ட இடத்தில் ஆங்கிலம் இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத மொழி. அதில் எழுதும்போது குனியவும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். தேதி, இலக்கம், கோரிக்கை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நம் கடிதம் கும்பிடு போடுகிறது, அவர்கள் கடிதம் தள்ளி நிற்கிறது.

தள்ளி நிற்பதிலும் சங்கடம் உண்டு. ‘திஸ் ஹாஸ் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் டேட்டட்’ என்று தொடங்கி, செய்தவர் யாரென்றே தெரியாதபடி எல்லாவற்றையும் செயப்பாட்டு வினையில் எழுதிக்கொண்டு போகும் வழக்கம் அங்கே வலுவானது. தவறு செய்யப்பட்டிருக்கும், கோப்பு தாமதிக்கப்பட்டிருக்கும். யார் தாமதித்தார் என்று மட்டும் கடிதம் சொல்லாது. பிரிட்டிஷ் அரசே இந்த நடையில் அலுத்துப்போய், எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரை அழைத்து ஊழியர்களுக்கு ஒரு கையேடு எழுதச் சொன்னது. ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் 1948-ல் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றிருந்தது, இந்தியா அதற்கு முந்தைய ஆகஸ்டில். எஜமானர் நடையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில் நாம் இருவரும் பழைய நடையைச் சீதனமாக வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டோம்.

பட்டங்களில் மட்டும், யார் குனிகிறார், யார் தள்ளி நிற்கிறார் என்ற கணக்கு தலைகீழாகிறது. 2012-ல் குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு நிகழ்ச்சிகளிலும் கடிதங்களிலும் தன்னை ‘ஹிஸ் எக்சலன்சி’ என்று குறிப்பிட வேண்டாம், ‘ஹானரபிள்’ போதும் என்றார். இலங்கையில் ஜனாதிபதிக்கு ‘ஹிஸ் எக்சலன்சி’யும் தமிழில் ‘அதிமேதகு’வும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தவை. மிஸ்டர், மிசஸ் என்று தொடங்கும் படிவங்களில் அங்கே முதலில் ‘ரெவரண்ட்’ நிற்கும், பிக்குகளும் பாதிரியார்களும் அரசுக் காரியங்களில் சகஜமாக வந்துபோகும் நாடு என்பதால். பிக்கு ஒருவருக்கு எழுதும்போது வெறும் ‘சார்’ செல்லாது, ‘வெனரபிள்’ வேண்டும். குடிமகனாகக் குனியாத கடிதம் மடத்தின் வாசலில் குனிகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். அனுபவச் சான்று கேட்டு எழுதும் கடிதத்தில் மேனேஜர் தேடுவது மூன்று தகவல்: பணியாளர் எண், வேலை பார்த்த காலம், எந்தத் தேதிக்குள் சான்று வேண்டும். நம் ஊர்க் கடிதத்தில் மூன்றும் பணிவின் அடியில் புதைந்து கிடக்கும். தேதி சொல்வது அதட்டுவது போலிருக்குமோ என்று அஞ்சி அதை விட்டேவிடுவார்கள். இதில் இலங்கை முறை எனக்குப் பிடிக்கும். விளிப்புக்கு அடுத்த அடிக்கோடிட்ட தலைப்பிலேயே பெயரும் எண்ணும் வந்துவிடுகின்றன. ‘ரெஸ்பெக்டட்’ இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. முதல் வாக்கியத்தில் கோரிக்கை வந்துவிட்டால் சரி. பக்கத்து மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ‘ஹாய் டீம்’ என்று மெயில் போடுகிறார்கள். அதே பிள்ளைகள் வீட்டுக்கடனுக்கு பேங்குக்கு எழுதும்போது அப்பாவின் ‘ரெஸ்பெக்டட் சார்’ திரும்பி வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, ஆங்கிலம் வேண்டுமா என்பதே. இந்த ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வர். ஆனால் தம் நூல்களுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை எழுதத் தயங்காதவர். வாசிப்பவர் யார் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தவர் என்றே அதைப் புரிந்துகொள்கிறேன். மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலம் பொருந்தும். மத்திய அரசில் இந்தியைக் கையாளச் சொல்லும் 1976-ன் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகத்தான் நாட்டுக்குப் பொருந்தும் என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. நகராட்சிக்குக் குடிநீர் இணைப்பு கேட்டு எழுதும் மனு வேறு. மாநில அரசின் ஆட்சிமொழி 1956-ன் சட்டப்படி தமிழ். அங்கே உட்கார்ந்திருக்கும் உதவியாளர் குறிப்பு எழுதுவதும் தமிழில். ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து ஆங்கிலமாக்கிய மனுவை அவர் மறுபடி தமிழாக்கி மேலே அனுப்புவார்.

கொழும்பில் இருக்கும் தமிழருக்குக் கணக்கு வேறு. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்தில் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு அவருக்கு உரிமை தருகிறது, ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழில் எழுதினால் கடிதம் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் காத்திருக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியும். உரிமையை நிலைநாட்ட நேரமிருக்கும்போது தமிழில் எழுதுகிறார், காரியம் இந்த வாரமே ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் எழுதுகிறார். சில பேர் இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புகிறார்கள்.