திணை நோக்கில் மைன்கிராஃப்ட் உழவர்: தளிப் பகுதி வேளாண்மையோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளில் இடம்பெறும் உழவர் பாத்திரங்கள், தம் செயல்விதிகளின் வழியே உழவைப் பற்றிய ஒரு கருத்தை உணர்த்துகின்றன. மைன்கிராஃப்ட் விளையாட்டில் கணினியே இயக்கும் உழவரை, தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் மூவகைப் பொருள்களின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் தளிப் பகுதியின் உழவு ஒப்பீட்டுக் களமாகிறது.

திறவுச்சொற்கள்: மைன்கிராஃப்ட், உழவர், திணை, புனங்காவல், பகிர்வு, தளி

முன்னுரை

ஸ்வீடன் நாட்டு மோஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழுவடிவில் வெளியிட்ட மைன்கிராஃப்ட், கட்டிகளாலான ஓர் உலகில் விளையாடுபவர் விரும்பியவாறு தோண்டவும் கட்டவும் பயிரிடவும் இடமளிப்பது. 2014இல் மைக்ரோசாஃப்ட் இந்நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2023ஆம் ஆண்டளவில் விளையாட்டின் விற்பனை 30 கோடிப் படிகளைக் கடந்தது. 2016 முதல் இதன் கல்விப் பதிப்பு வகுப்பறைகளிலும் வழங்குகிறது. எனவே, இவ்விளையாட்டு காட்டும் உழவரைப் பொழுதுபோக்குப் பொம்மை எனக் கருதி விலக்கிவிட இயலாது. வயலில் இறங்காத ஒரு தலைமுறை உழவரை முதலில் சந்திக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

விளையாட்டுகள் கதையால் மட்டுமன்றி விதிகளாலும் வாதிடுகின்றன என்பதை இயன் போகோஸ்ட் 2007இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அவ்வகையில் உழவர் பேசும் சொற்களைவிட, அவரை இயக்கும் விதிகளே இங்கு ஆய்வுப்பொருளாகின்றன. விளையாட்டின் ஜாவா பதிப்பு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

உழவர் இயங்கும் முறை

2019 ஏப்ரலில் வந்த 1.14ஆம் பதிப்பு முதல், ஊர்மக்களின் தொழிலை அவர்கள் அடையும் பணிக்கட்டி தீர்மானிக்கிறது. தொழிலற்ற ஒருவர் உரத்தொட்டியைத் தமதாக்கிக்கொண்டால் உழவராகிறார். அவரோடு வணிகம் நிகழுமுன் தொட்டியை அகற்றினால் உழவர் என்னும் அடையாளத்தை இழக்கிறார். கோதுமை, காரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகியவை முற்றியதும் அறுக்கிறார். கையிருப்பு விதையை மீண்டும் நடுகிறார். மூன்று கோதுமையை ஒரு ரொட்டியாக்குகிறார். மிகுந்த உணவை அருகிலிருப்பவருக்கு வீசித் தருகிறார். இரவானதும் படுக்கைக்குச் செல்கிறார்.

இவ்வியக்கத்தில் ஒரு பிளவு உண்டு. தொடக்கநிலை உழவர் 20 கோதுமைக்கு ஒரு மரகதம் தந்து விளையாடுபவரிடமிருந்து வாங்குகிறார். ஆனால் அவர் அறுத்த விளைச்சலுக்கும் அவருடைய வணிக இருப்புக்கும் தொடர்பில்லை. அவர் வயல் முழுதும் அழிந்தாலும் வணிகம் தொடரும். உழைப்பும் சந்தையும் ஓருடலில் வாழ்ந்தும் ஒன்றையொன்று அறியாத இரு நிரல்களாக உள்ளன. தளியை அடுத்த ஓசூர், இராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி வரத்து மிகும்போது விலை சரிவதும், பறிகூலிக்கும் கட்டாத காய் செடியிலேயே விடப்படுவதும் இப்பிளவில் இடம்பெற வழியில்லை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுக்கிறது. பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என மேலும் வகுக்கிறது. மைன்கிராஃப்டின் ஒரு நாள் 20 நிமிடம். காலையில் வேலை, மாலைக்கு முன் ஊர்கூடல், இரவில் உறக்கம் எனச் சிறுபொழுது அங்குச் செம்மையாக அமைந்துள்ளது. பெரும்பொழுதோ அறவே இல்லை. நான்கு கட்டித் தொலைவுக்குள் நீர் இருந்தால் மண் ஈரமாகவே இருக்கும். எந்நாளும் விதைக்கலாம், எந்நாளும் அறுக்கலாம்.

தளி மேட்டுநிலத்தின் மானாவாரிக் கேழ்வரகு மழையை எதிர்நோக்கி விதைக்கப்பட்டு, ஆண்டிறுதியை ஒட்டி அறுவடையாவது. அங்குக் காத்திருத்தலும் தொழிலின் ஒரு பகுதி. பசுமைக்குடில்களில் வளர்க்கப்படும் ரோஜாவுக்குச் சொட்டுநீர் கிடைத்தாலும், பிப்ரவரி மாதக் காதலர் நாள் போன்ற சந்தைப் பருவத்திற்கேற்பக் கவாத்துச் செய்ய வேண்டியுள்ளது. பருவத்தை வென்றதாகத் தோன்றும் வேளாண்மையும் வேறொரு பெரும்பொழுதுக்குக் கட்டுப்பட்டதே.

நிலமும் விளையாட்டில் உடைமையாக இல்லை. பட்டா, குத்தகை, வாரம் எவையும் இல்லை. விளையாடுபவர் உழவரின் கதிரை அறுத்துச் சென்றால் உழவர் எதிர்ப்பதில்லை. அடித்தால் மட்டும் அவர் மதிப்பீடு குறைகிறது. உடல் காக்கப்படுகிறது, விளைச்சல் காக்கப்படுவதில்லை.

கருப்பொருள்: இல்லாத காவல்

குறிஞ்சிப் பாடல்களில் புனங்காத்தல் விளைவித்தலுக்கு இணையான தொழில். கிளியைப் பகலிலும் யானையை இரவிலும் விரட்டப் பரண் அமைந்தது. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இது பழங்கதையன்று. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேருகட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து வருகின்றன. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்த நிலப்பரப்பின் விளிம்பில்தான் இவ்வயல்கள் உள்ளன. இங்கு உழவரின் இரவு உறக்கத்துக்குரியதன்று. பரண்மேல் விழித்திருப்பவர் பயிரோடு உயிரையும் பணயம் வைக்கிறார்.

மைன்கிராஃப்டில் முயல் காரட்டைக் கடிப்பதும், கொள்ளையரோடு வரும் பெருவிலங்கு பயிரை மிதித்தழிப்பதும் உண்டு. எனினும் உழவர் காப்பதில்லை, ஓடி ஒளிவார். ஊர்க்காவல் இரும்புப் பாவையின் வேலை. விளைவித்தலும் காத்தலும் இவ்வாறு பிரிக்கப்பட்டதால், உழவர் அச்சமும் துணிவும் அற்ற அறுவடைக் கருவியாகச் சுருங்குகிறார்.

உரிப்பொருள்: பகிர்வின் திரிபு

உரிப்பொருள் அகவொழுக்கத்தைக் குறிப்பது. இங்கு மாந்தர் உறவு என்னும் விரிந்த பொருளில் கொள்ளப்படுகிறது. உணவைப் பகிர்தலே மைன்கிராஃப்ட் உழவரின் ஒரே உறவுச்செயல். போதிய உணவும் படுக்கையும் இருந்தால்தான் ஊரில் குழந்தை பிறக்கும். ஆகவே ஊரின் பெருக்கம் உழவரின் ஈகையைச் சார்ந்தது. விளையாட்டு உழவுக்குத் தரும் உயர்ந்த மதிப்பு இதுவே.

விளையாடுவோர் இதனையே பொறியாக்கியுள்ளனர். உழவரை ஒரு வயலுக்குள் அடைத்து, உணவில்லாத மற்றொருவரை அவர் கண்ணில் படுமாறு எட்டாத இடத்தில் நிறுத்துகின்றனர். உழவர் வீசும் உணவு உரியவரைச் சேருமுன் இடையிலுள்ள ஹாப்பர் அதனை உள்ளிழுத்துப் பெட்டியில் சேர்க்கிறது. எதிரிலிருப்பவரின் பசி தீர்வதில்லை. ஆதலால் உழவரின் ஈகையும் நிற்பதில்லை. அவர் கட்டாயத்தால் உழைக்கவில்லை. கொடுக்கும் இயல்பே அவரைச் சுரண்டும் வழியாகிறது. விதிகளை வகுத்தோர் எண்ணாத பயன்பாடு எனினும், விதிகள் அதனைத் தடுப்பதில்லை.

எதிர்வாதம்

விளையாட்டு எளிமைப்படுத்தியே ஆகவேண்டும். அதனிடம் மெய்ந்நிலையை வேண்டுவது பொருந்தாது எனலாம். எளிமைப்படுத்தல் இன்றியமையாததே. எனினும், எதை விடுவது என்பது தேர்வு. 2016இல் வெளியான ஸ்டார்டியூ வேலி 28 நாள் கொண்ட நான்கு பருவங்களை உடையது. பருவம் மாறினால் அதற்குப் பொருந்தாத பயிர் பட்டுப்போகும். காகத்தை விலக்கச் சோளக்கொல்லைப் பொம்மை வேண்டும். அங்கு உழவர் விளையாடுபவரே. விளையாடுபவர் உழவரானால் பருவமும் இழப்பும் இடம்பெறுகின்றன. உழவர் பிறராக இருக்கையில் அவை மறைகின்றன. இவ்வேறுபாடு பிறர் உழைப்பைக் காணும் பார்வையின் வேறுபாடு.

முடிவுரை

மைன்கிராஃப்ட் உழவருக்குச் சிறுபொழுது உண்டு, பெரும்பொழுது இல்லை. தொழில் உண்டு, காவல் இல்லை. ஈகை உண்டு, அதைப் பெறுவோர் உறுதியில்லை. திணைக் கோட்பாடு இவ்விடுபாடுகளைத் தனித்தனிக் குறைகளாக அன்றி, நிலம், பொழுது, தொழில், உறவு ஆகியவற்றின் இணைப்பு அறுந்த நிலையாகக் காண உதவுகிறது. வகுப்பறையில் இவ்விளையாட்டைப் பயன்படுத்தும் ஆசிரியர், திரையில் உறங்கச் செல்லும் உழவரைக் காட்டும்போது, அதே இரவில் தளியில் பரண்மேல் யார் விழித்திருக்கிறார் என்னும் வினாவையும் எழுப்பலாம். தமிழ் இலக்கணம் கணினி விளையாட்டு ஆய்வுக்குத் தரத்தக்க பங்களிப்பு அத்தகைய வினாக்களிலிருந்து தொடங்கும்.