விழத் தெரிந்த பத்தாம் எண்

ஓய்வுபெற்றுவிட்ட அந்த ஆஸ்திரேலிய முன்வரிசைக்காரரின் பழைய ஆட்டங்களை எங்கே மறுஒளிபரப்பினாலும் வர்ணனையாளர் வாயில் வரும் முதல் சொல் ‘புல்டோசர்’. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. நூறு கிலோவுக்கு மேல் எடை, பத்தாம் எண் சட்டை, கிக்-ஆஃபை வாங்கியதும் நேராக ஒரு ஓட்டம். இதை மட்டும் பார்ப்பவருக்கு அவர் புல்டோசர்தான். எனக்கு அவர் ரக்பி லீக் கண்ட மிகத் தந்திரமான ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருடைய தந்திரம் முழுக்க ஒரே ஒரு முடிவில் இருந்தது: எப்போது விழுவது.

பிளே-தி-பால் எப்படி நடக்கும் என்பதை உங்களுக்கு விளக்கப்போவதில்லை. ஆனால் இரண்டு ஆள் பிடித்து மூன்றாவது ஆள் இன்னும் வந்து சேராத அந்த நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பந்து வைத்திருப்பவருக்கு இரண்டு கெட்ட வழிகள் எப்போதும் திறந்திருக்கும். தானாக மடங்கி உட்கார்ந்தால் நடுவர் ‘சரண்டர்’ என்று குரல் கொடுப்பார். தடுப்பவர்கள் மேலே சாவகாசமாகக் கிடக்கலாம். வீராவேசமாக நின்றுகொண்டே முட்டினால் மூன்றாவது ஆள் வந்து மல்லாக்கப் புரட்டிப் போடுவார். நடுவர் ‘டாமினன்ட்’ என்பார். இரண்டிலும் நேரம் எதிரணிக்குத்தான்.

நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். முட்டிய வேகம் அடங்கும் முன்பே ஒரு தோளை உள்ளே திருப்புவார், ஒரு முழங்காலை இறக்குவார், குப்புற விழுவார். முழங்கை, முழங்கால், உடனே எழுச்சி. எதிரணி பத்து மீட்டர் பின்வாங்கிக்கொண்டிருக்கும்போதே பந்து டம்மி ஹாஃப் கைக்குப் போயிருக்கும். கபடியில் பிடிபட்டவன் நடுக்கோட்டுக்காகக் கை நீட்டுவான். இங்கே நீட்டுவதற்குக் கோடு இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டியது நேரம்.

இதற்காக அவர் கொடுத்த விலை ஒன்றிரண்டு மீட்டர். பிடிபட்ட பிறகு எத்தனை மீட்டர் இழுத்துக்கொண்டு போனார் என்று எண்ணும் புள்ளிவிவரத்தில் அவர் பெயர் மேலே வந்ததே இல்லை. அந்த அட்டவணையை வேதமாக வைத்திருப்பவர்கள் அவரை ‘மெத்தனம்’ என்றார்கள். எதிரணி ரசிகர்கள் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. அவர் மிச்சம் பிடித்த நேரத்தில் ஓடி முப்பது மீட்டர் எடுத்த ஹூக்கருக்குத்தான் மறுநாள் பேப்பரில் படம். இது இன்றைக்கும் மாறவில்லை. 2017 முதல் 2024 வரை ஆண்டின் சிறந்த வீரர் பதக்கம் வாங்கிய அத்தனை பேரும் 1, 6, 7, 9 என்ற நான்கு இடங்களில் ஆடியவர்கள். எட்டும் பத்தும் மைதானத்தில் எதற்கு இருக்கின்றன என்று வாக்களிப்பவர்களைக் கேட்க வேண்டும்.

ஆடத் தொடங்கிய காலத்தில் அவரும் இப்படி இல்லை. இளவயதில் மூன்று பேரைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நின்று, கையை வெளியே நீட்டி ஆஃப்லோட் போடுவதில்தான் அவருக்கு மோகம். அதற்குள் கிளப்புகள் மல்யுத்த, ஜியு-ஜிட்சு பயிற்சியாளர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, பிடிபட்டவரைத் தரையில் அமுக்கி வைப்பதை ஒரு கல்வியாகவே ஆக்கிவிட்டன. நிமிர்ந்து நிற்பவர்கள்தான் அந்தக் கல்விக்கு முதல் பலி. அவர் அதற்குப் பதில் கண்டுபிடித்தார். சகாக்கள் பலர் ஜிம்முக்குப் போய் இன்னும் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டார்கள்.

களைத்துப் போனதால்தான் விழுந்தார் என்று ஒரு வாதம் உண்டு. இன்டர்சேஞ்ச் 2008-இல் 12-லிருந்து 10 ஆனது, 2016-இல் 8 ஆனது, பெரிய உடம்புக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது, உண்மை. ஆனால் இவர் முதல் செட்டிலேயே, வியர்வை வரும் முன்பே, அப்படித்தான் விழுந்தார். அதைவிட முக்கியமாக, எல்லா நேரமும் அப்படி விழவில்லை. சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நாலு டேக்கிள் ஓடிக் களைத்த தன் அணி மூச்சு விட வேண்டும் என்றால் நின்று முட்டுவார், மூன்றாவது ஆளை வரவிடுவார், மல்லாந்து கிடந்து ஆற அமர எழுவார். அணி முன்னிலையில் இருக்கும் கடைசிப் பத்து நிமிடத்திலும் அதே கதை. களைத்தவனுக்கு இப்படித் தேர்ந்தெடுக்க வராது. (அவரே பிடிக்கும் முறை வந்தால் எதிராளியைக் குப்புற விழ விட்டதே இல்லை. அதன் நியாய அநியாயம் பேச நான் இங்கே வரவில்லை.)

2020 மே மாதம் ‘சிக்ஸ் அகெய்ன்’ வந்தது. ரக்கில் தாமதம் செய்தால் புதிதாக ஆறு டேக்கிள். உடனே எல்லோரும் வேகமான ரக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், விதியைப் பாராட்டினார்கள். அந்த விதி இல்லாமலே அதே வேகத்தைப் பல ஆண்டுகள் தன் முழங்கைகளால் வாங்கித் தந்தவர் அப்போது ஓய்வின் வாசலில் இருந்தார். ஒருவரும் அவரை நினைக்கவில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்சேஞ்ச் இன்று இல்லாவிட்டாலும் இன்னும் சில ஆண்டுகளில் ஆறுக்கு இறங்கும். 115 கிலோ ப்ராப் அருகிப் போவார். நூறு கிலோவுக்குள் நிற்கிற, விழுந்து எழத் தெரிந்தவருக்குத்தான் ஒப்பந்தம். மூன்றாவது ஆளின் தோள் வந்து சேரும்போது தலை அங்கே இருக்கக் கூடாது என்பதை, தலைக்காயத்துக்கு அஞ்சும் மருத்துவர்களும் ஒரு நாள் பயிற்சித் திட்டத்திலேயே எழுதி வைப்பார்கள். 2027-இல் பெர்த்தும் 2028-இல் பப்புவா நியூ கினியும் போட்டிக்குள் வருகின்றன. புது அணிகளுக்கு நல்ல ஏழாம் எண் அகப்படுவது லேசில்லை. அகப்படாதவர்கள் ரக்கில்தான் பிழைக்க வேண்டும். ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகவே கொண்டாடும் பப்புவா நியூ கினியில், குட்டையான, துடியான, சட்டென்று எழுகிற ஃபார்வர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. வந்த இரண்டாவது ஆண்டே பெரிய கிளப் ஒன்றை அவர்கள் ரக்கில் திணறடிப்பார்கள்.

அதற்குள் ஏதாவது ஒரு அணி அந்தப் பத்தாம் எண்ணை ரக் பயிற்சியாளராக அழைத்திருக்கும். அழைக்காமல் இன்னொரு மல்யுத்தக்காரரைத் தேடிப் போனால், நஷ்டம் அவருக்கு இல்லை.