பல்லே நீல்சனின் நகரமும் எங்கள் தெருக்களும்

டெனிஷ் ஓவியர் பல்லே நீல்சனின் (1920–2000) 'ஓர்பியஸும் யூரிடிசேயும்' என்ற லினோ அச்சோவியத் தொடர் 1959இல் வெளிவந்தது. கிரேக்கக் கதையில் ஓர்பியஸ் செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகிறான். திரும்பிப் பார்த்ததால் அவளை மறுபடியும் இழக்கிறான். நீல்சன் பாதாளத்தை நிலத்துக்கு அடியில் தேடவில்லை. நவீன நகரத்தின் தெருக்களே அவருக்குப் பாதாளம். மாடிக் கட்டடங்கள், போர், அழிவு, நடுவில் சின்னஞ்சிறு மனிதர்கள். நண்பர்கள் சிலர் பார்த்தவுடன் "இது எங்கட யாழ்ப்பாணமல்லோ" என்கிறார்கள். அந்த அவசரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அச்சோவியம் பற்றிக் கொஞ்சம். லினோவில் வெட்டி எறிந்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. கீழே பென்சிலால் 12/50 என்று எழுதியிருந்தால் ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். அதற்குமேல் அடிப்பதில்லை. தகடு தேய்வது மட்டும் காரணமல்ல; அரிதாக இருந்தால்தான் விலை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் இப்படி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் அப்பாச்சிமாரின் சாமியறைப் படங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் டென்மார்க்கில் இந்த அருமைப் பொருளும் தொழிலாளி வீட்டுக்குப் போக ஒரு வழி உண்டு. வேலைத்தலங்களில் கலைச்சங்கம் வைத்திருப்பார்கள். மாதாமாதம் சிறு தொகை. சேர்ந்த காசில் ஓவியங்கள் வாங்கிப் பிறகு சீட்டுக் குலுக்கி அங்கத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விரிவுரையாளராக இருந்த காலத்தில் நான் ஓர் எண்ணிட்ட அச்சோவியத்தையும் தொட்டுப் பார்த்ததில்லை. மீன்பெட்டி அடுக்கும் கையால்தான் தொட்டேன்.

நீல்சனிடம் எனக்குள்ள மனக்குறை, அவருடைய நகரத்துக்குப் பெயரில்லை, அழித்தவனுக்கும் பெயரில்லை என்பது. கொப்பன்ஹேகன் குண்டு விழாத ஊரல்ல. 1945 மார்ச் 21 அன்று கெஸ்டாபோ தலைமையகத்தைத் தாக்க வந்த பிரித்தானிய விமானங்கள் தவறுதலாக ஒரு பாடசாலையிலும் குண்டு போட்டு, 80க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். நீல்சன் அப்போது இளைஞர். என்றாலும் அவர் வெட்டியது எல்லா ஊருக்கும் பொதுவான அழிவை. அதனால் படம் விரிகிறது. ஆனால் யாரையும் குற்றம் சொல்லாமல் தப்பியும் விடுகிறது.

எங்கள் படங்களின் கோளாறு நேரெதிரானது. அவற்றில் ஊருக்கும் பெயருண்டு, எதிரிக்கும் பெயருண்டு. 1981இல் எரிந்த நூலகம், 1995 ஒக்டோபர் 30இல் மூட்டை முடிச்சோடு புறப்பட்ட சனம் எல்லாம் சுவர்களில் தொங்குகின்றன. அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன், 1990 ஒக்டோபர் 30இல், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நான் கண்ட எந்தச் சுவரிலும் அந்தச் சோனகத் தெரு இல்லை. அங்கே தீயில்லை, புகையில்லை, பூட்டிய கதவுகள் மட்டும்தான். தீயைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது படமாகத் தெரிவதில்லைப் போலும். ஓர்பியஸ் திரும்பிப் பார்த்தது ஒரே முகத்தை. ஒரு நகரத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எந்தத் தெருவைப் பார்க்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

இங்கே பாடசாலையில் லினோ வெட்டப் பழகிய எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எவராவது அந்தக் கதவுகளை வெட்டித் தந்தால், பென்சிலால் எண் போட வேண்டாம். இந்தச் சஞ்சிகையின் பின்னட்டையில் அடித்து எல்லாருக்கும் அனுப்பலாம்.